45 நாள் ஊசி: பிஹெச்சிக்குப் போறதா, பிள்ளை டாக்டர்கிட்டப் போறதா?

நம்பியூர்_அம்மிணி
ஞாயிறு, இரவு 8.50

வணக்கமுங்க. மொதக் கொழந்தை, பொண்ணு. வர்ற புதன்கிழமையோட 45 நாள் ஆகுது. பிரசவம் கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில. தலை திரும்பாம பிட்டம் கீழ இருந்ததால ஆபரேஷன். பொறந்த எடை 2.85 கிலோ, ஆறாம் நாள் ஊட்டுக்கு வரும்போது 2.68. அங்கயே பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு, மஞ்சள்காமாலை பி ஊசி மூணும் போட்டு அட்டையில எழுதிக் குடுத்துட்டாங்க. நடுவுல ரெண்டு நாள் காமாலைக்கு லைட்ல வெச்சாங்க. இப்பவும் கண்ணு கொஞ்சம் மஞ்சளாத் தெரியுது, தெனமும் மஞ்சள் பூசித் தண்ணி வாக்கறதால இருக்கும்னு அம்மா சொல்றாங்க.

இப்ப நம்பியூர் பக்கம் அம்மா ஊட்ல இருக்கேன். அவரு திருப்பூர்ல. கேக்க வேண்டியது இதுதானுங்க: 45 நாள் ஊசிய இங்க பிஹெச்சிலயே (ஆரம்ப சுகாதார நிலையம்) போடலாமா, இல்ல கோபிக்கோ ஈரோட்டுக்கோ பிள்ளை டாக்டர்கிட்டப் போகணுமா? எத்தனை ஊசி? ரெண்டு நாளா மூக்கடைப்பு, தள்ளிப் போடணுமா? பிசிஜி போட்ட எடத்துல சின்னதாச் சீழ் கட்டியிருக்குது. ஊசி போட்டா மூணு நாளைக்குத் தண்ணி வாக்கக் கூடாது, தொடைக்கு வெளக்கெண்ணெய் போட்டு நீவணும்னு அம்முச்சி சொல்றாங்க. சரியா? காய்ச்சலுக்கு மருந்து முன்னாடியே ஊத்திட்டுப் போகலாமா?

---

புதன்கிழமை_சிஸ்டர் (கிராம சுகாதார செவிலியர்)
ஞாயிறு, இரவு 9.35

அம்மிணி, பிஹெச்சிலயே தாராளமாப் போடலாம். மருந்து ஒண்ணும் மட்டம் இல்லீங். துணை சுகாதார நிலையத்துல புதன்கிழமைதான் ஊசி நாள். காலையில 9 மணிக்கே போயிருங்க, வெயில் ஏறுறதுக்குள்ள ஊடு திரும்பிரலாம். புளியம்பட்டிப் பஸ்ஸுல வர்றவங்க மட்டும் பாத்துக்குங்க, புதன் மாட்டுச்சந்தைக் கூட்டம் இருக்கும்.

இந்தத் தடவை மூணு ஊசி, ரெண்டு வாய் மருந்து. எடது தொடையில பென்டா: தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மஞ்சள்காமாலை பி, ஹிப் கிருமி அஞ்சுக்கும் சேர்த்து ஒரே ஊசி, 0.5 மில்லி. வலது தொடையில நிமோனியாவுக்கு பிசிவி, அதுவும் 0.5. வலது மேல்கையில ஐபிவிங்கற போலியோ ஊசி, தோலுக்குள்ள வெறும் 0.1 மில்லி. போட்ட ஒடனே கொசு கடிச்ச மாதிரி ஒரு மொட்டு எழும்பும், எழும்புனாத்தான் சரியாப் போட்டிருக்குன்னு அர்த்தம். அதை அமுத்த வேண்டாம். வாயில போலியோ 2 சொட்டும், பேதிக்கு ரோட்டாவும். வாய் மருந்து மொதல்ல, ஊசி பொறவு. அழுகையில ஊத்துனா துப்பிரும். துப்பிட்டா மறைக்காம அங்கயே சொல்லுங்க.

தனியார்ல ஆறு நோய்க்கும் சேர்ந்த ஊசி போடுவாங்க, போலியோவும் அதுக்குள்ளயே வந்துரும், கைல தனியாப் போட மாட்டாங்க. அதுல கக்குவான் மருந்து வேற தயாரிப்பா இருந்தா காய்ச்சல் கொறைவு, வெலை ஆயிரக்கணக்குல. பிசிவி அங்க 6, 10, 14 வாரம்னு மூணும் பொறவு ஒரு பூஸ்டரும். நம்ம சர்க்கார் கணக்குல 6, 14 வாரம், பொறவு 9 மாசம். ரெண்டும் சரியான கணக்குதான். ஒரு எடத்துல தொடங்கி இன்னோரு எடத்துல முடிக்கலாம், ஆனா எந்த மருந்து போட்டாங்கன்னு அட்டையில எழுதி வாங்காம நகராதீங்க. 'ஊசி போட்டாச்சு'ன்னு மட்டும் எழுதியிருந்தா அடுத்த எடத்துல யாராலயும் கணக்குப் பண்ண முடியாது.

மூக்கடைப்புக்கு ஊசியத் தள்ளிப் போட வேண்டியதில்லை. நல்ல காய்ச்சல், பால் குடிக்காம கெடக்கறது, ஆஸ்பத்திரில சேக்கற அளவு ஒடம்பு சரியில்லைன்னாத்தான் தள்ளணும். பால் குடுக்கறதுக்கு முன்னாடி மூக்குக்கு ஒரு சொட்டு சலைன் போடுங்க. எண்ணெய் ஊத்தவே வேண்டாம், மூக்குலயும் சரி காதுலயும் சரி. மூக்குல ஊத்தற எண்ணெய் நுரையீரலுக்கு எறங்கி அங்கயே தங்கிரும்.

பிசிஜி சீழுக்கு பயப்படாதீங்க. போட்டு நாலஞ்சு வாரத்துல மொளகு மாதிரி எழும்பி, சீழ் கட்டி, ஒடஞ்சு, ஆறித் தழும்பாகறதுதான் அதோட வழி. மொத்தம் மூணு மாசம் வரைக்கும் இழுக்கும். பிதுக்காதீங்க, மஞ்சள், பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம், தண்ணி பட்டா ஒத்தி எடுங்க போதும். எடது அக்குள்ல நெல்லிக்காய் மாதிரி கட்டி தெரிஞ்சா மட்டும் காட்டுங்க.

தண்ணி வாக்கறத நிறுத்த வேண்டியதில்லை, அன்னைக்கே வாக்கலாம். நீவறதுதான் ஆகாது. பென்டாவுல கலந்திருக்கிற அலுமினியம் உப்பு மருந்த அந்த எடத்துலயே பிடிச்சு வெச்சு மெதுவா வேலை செய்ய வெக்குது. நீவுனா வலியும் வீக்கமும் கூடும். வீங்குனா ஈரத்துணி வையுங்க. சூட்டு ஒத்தடம், உப்பு, வெளக்கெண்ணெய் ஒண்ணும் வேண்டாம். பட்டாணி மாதிரி ஒரு கட்டி சில வாரம் இருந்தாலும் தானாக் கரைஞ்சுரும்.

பிடிக்கற விதம் முக்கியமுங்க. மல்லாத்திப் போட்டு நாலு பேர் அமுத்தறது வேண்டாம். மடியில பக்கவாட்டுல ஒக்கார வெச்சு நெஞ்சோட அணைச்சுக்குங்க. உள்பக்கக் கை உங்க முதுகுப்பக்கம் போகட்டும், வெளிக்கைய நீங்க பிடிங்க, ரெண்டு காலையும் உங்க தொடைக்கு நடுவுல லேசாக் கவ்விக்குங்க. பால் குடிச்சுட்டே இருந்தா இன்னும் நல்லது, வலி நெசமாவே கொறையும். சொட்டு மருந்துக்கு அப்பறம் பால் குடுக்கக் கூடாதுங்கறது பழைய பேச்சு.

மருந்து பாட்டில் மேல ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தை விட வெளிறி இருந்தா மருந்து நல்லாருக்கு. ரெண்டும் ஒரே நெறமா இருந்தா சூடு பட்டுப் போச்சு, போடக் கூடாது. காட்டச் சொல்லிக் கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. போட்டு முடிச்சு அரைமணி நேரம் அங்கயே இருக்கணும்.

கையில தாய் சேய் அட்டை, 12 இலக்க ஆர்சிஹெச் எண் (தாய் சேய் பதிவு எண்), டிஸ்சார்ஜ் சீட்டு மூணும் இருக்கட்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதித் திட்டத்துல பணம் வாங்கறவங்களுக்கு அடுத்த தவணைக்கு இந்த ஊசிப் பதிவுதான் சாட்சி.

---

பிள்ளைப்பிணி_ஈரோடு
ஞாயிறு, இரவு 10.20

ஊசி பற்றி சிஸ்டர் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் நம்பியூர் அம்மிணி, போகிற போக்கில் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஊசியை விட அவைதான் பெரியவை. ஒன்று கண் மஞ்சள், இன்னொன்று பிட்டம் கீழே இருந்த பிரசவம்.

முதலில் மஞ்சள். நிறைமாதக் குழந்தைக்கு 14 நாள் தாண்டியும் காமாலை இருந்தால் ரத்தம் பார்த்தே ஆகவேண்டும். புதன்கிழமை வரை வேண்டாம், நாளைக் காலையிலேயே போங்கள். கோபி அரசு மருத்துவமனையோ, நீங்கள் பார்க்கும் குழந்தை மருத்துவரோ, எங்கே என்றாலும் சரி. 'பிலிரூபின் டோட்டல், டைரக்ட் இரண்டும் தனித்தனியாக' என்று கேளுங்கள். டோட்டல் மட்டும் பார்த்தால் கேள்விக்குப் பதில் கிடைக்காது. டைரக்ட் 1 மில்லிகிராமுக்கு மேல் போனால் கல்லீரலில் இருந்து பித்தம் இறங்குவதில் தடை இருக்கலாம். பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைக்கு அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். உங்கள் குழந்தைக்கு 42 நாள் ஆகிவிட்டது. அதனால்தான் இத்தனை அவசரமாக எழுதுகிறேன். கூடவே தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் பார்க்கச் சொல்லுங்கள், நீளும் காமாலைக்கு அதுவும் ஒரு காரணம்.

பயமுறுத்தவில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு டைரக்ட் சரியாக இருந்து டோட்டல் மட்டும் கொஞ்சம் கூடியிருப்பது சகஜம். மூன்று மாதம் வரைகூட இழுத்துத் தானாக மறையும். ஆனால் எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

வீட்டில் பார்க்க வேண்டியது மலத்தின் நிறம். கடுகு மஞ்சள், பச்சை, தவிட்டு நிறம் எல்லாம் சரி. சுண்ணாம்பு, வெளிறிய களிமண், அரிசிமாவு நிறம் என்றால் ஆபத்து. அடுத்த முறை போனவுடன் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி மேல் வைத்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் சொல்வதை விட அது பெரிது. மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விடுகிறதா என்றும் பாருங்கள். இந்த வயதில் அது தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவதை இப்போதே நிறுத்துங்கள், தோல் நிறத்தைப் பார்க்கவே விடாது. மஞ்சள் பூச்சு கண்ணின் வெள்ளையில் ஏறாது. கண் மஞ்சளாகத் தெரிந்தால் அது காமாலைதான். குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், வாசலில் காலை வெளிச்சத்தில் பாருங்கள். வெயிலில் காட்டுவது, சர்க்கரைத் தண்ணீர், கீழாநெல்லி எதுவும் வேண்டாம்.

இரண்டாவது இடுப்பு. பெண் குழந்தை, முதல் பிரசவம், பிட்டம் கீழே: இந்த மூன்றும் சேர்ந்தால் இடுப்பு மூட்டு கிண்ணத்தில் சரியாக உட்காராமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். மருத்துவர் காலை மடக்கி அகட்டிப் பார்த்து 'க்ளிக் இல்லை' என்று சொன்னாலும், 6 வாரத்தில் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துவிட வேண்டும். இந்த வயதில் தொடை எலும்பின் தலை இன்னும் குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் தெரியாது. நாலு மாதத்துக்கு மேல்தான் எக்ஸ்ரே உதவும். இப்போது கண்டுபிடித்தால் பட்டை மாதிரி ஒரு கருவி போட்டுச் சில வாரத்தில் சரிசெய்யலாம். நடக்கத் தொடங்கிய பிறகு தெரிந்தால் அறுவைதான்.

பொதுவாக 6 வாரப் பரிசோதனை என்றால் ஊசி அதில் கடைசி ஐந்து நிமிடம். அதற்கு முன்னால் எடை, நீளம், தலைச் சுற்றளவு, உச்சிக்குழி, கண்ணில் விளக்கடித்துச் சிவப்பு பிரதிபலிக்கிறதா, இதயச் சத்தம், தொடை நாடி, இடுப்பு, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உடம்பில் துணியோடு இதில் பாதியைப் பார்க்க முடியாது. அவிழ்க்காமலே 'நல்லாருக்கு' என்று சொன்னால் நீங்களே அவிழ்த்துக் காட்டுங்கள். செவித்திறன் பரிசோதனை நடந்ததா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே கேளுங்கள், குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதியாகத் தெரிய வேண்டும்.

---

புதன்கிழமை_சிஸ்டர்
ஞாயிறு, இரவு 10.40

டாக்டர் சொன்னதுதான் சரி, கண் மஞ்சள்னு எழுதியிருந்ததை நான் ஊசி யோசனையில தாண்டிட்டேன். நாளைக்கே போயிருங்க கண்ணு.

---

சென்னிமலை_மருந்தகம்
திங்கள், காலை 6.50

காய்ச்சல் மருந்து பத்தி யாரும் எழுதலை. முன்னாடியே ஊத்தாதீங்க, தடுப்பூசிக்கு ஒடம்பு காட்டற எதிர்ப்பு கொறையலாங்கறதால இப்ப அப்படிக் குடுக்கச் சொல்றதில்லை. வந்தா மட்டும் குடுக்கணும். ஊசி போட்ட அன்னைக்குப் பொழுதோட தொடங்கி ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும்.

பாரசிட்டமால் அளவு வயசுக்கு இல்லீங், எடைக்கு. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். கொழந்தை 4 கிலோன்னா 40 முதல் 60. இங்கதான் தப்பு நடக்குது: கடையில ரெண்டு விதம் இருக்கும். சொட்டு மருந்து 1 மில்லில 100 மில்லிகிராம். சிரப் 5 மில்லில 125, இல்ல 250. 4 கிலோ கொழந்தைக்குச் சொட்டு மருந்துல 0.4 முதல் 0.6 மில்லி போதும். பக்கத்து ஊட்டுக்காரங்க 'அரை மூடி, ரெண்டரை மில்லி ஊத்து'ன்னு சொல்றது சிரப்புக்கு. அதையே சொட்டு மருந்துல ஊத்துனா 250 மில்லிகிராம், நாலு மடங்கு. கல்லீரல் தாங்காது. பாட்டில்ல 1 மில்லிக்கு எவ்வளவுன்னு படிச்சுட்டு, டாக்டர்கிட்ட 'எத்தனை மில்லி'ன்னு எழுதி வாங்குங்க. உங்க கொழந்தைக்கு லிவர் சோதனை முடிவு வர்ற வரைக்கும் டாக்டரைக் கேக்காம ஒரு சொட்டும் வேண்டாம். மறுபடி குடுக்க 6 மணி நேரம் இடைவெளி, நாளுக்கு நாலு தடவைக்கு மேல கூடாது. ஐபுபுரூஃபன் ஆறு மாசத்துக்குள்ள வேண்டவே வேண்டாம்.

வைட்டமின் டி சொட்டும் இதே கதைதான். தேவை நாளுக்கு 400 யூனிட், ஒரு வயசு வரைக்கும். 1 மில்லில 400 இருக்கிற பாட்டிலும் உண்டு, 800 இருக்கிற பாட்டிலும் உண்டு. கம்பெனி மாத்தி வாங்கும்போது மில்லியையும் மாத்தணும். ஸ்பூன்ல அளக்காதீங்க, கூட வர்ற பில்லர்ல (சொட்டுக் குழாய்) மட்டும்.

அக்குள்ல தெர்மாமீட்டர் வெச்சு 100.4க்கு மேல இருந்து, ஊசி போட்டு ரெண்டு நாள் தாண்டியிருந்தா, இல்ல ஊசியே போடாத நாள்ல வந்தா, மூணு மாசத்துக்கு உள்பட்ட கொழந்தைக்கு மருந்து ஊத்திட்டுப் பாக்கலாம்னு ஊட்ல இருக்கக் கூடாது. ஒடனே ஆஸ்பத்திரி. மூணு மணி நேரத்துக்கு மேல அடங்காத அழுகை, துவண்டு போறது, வெட்டு (வலிப்பு) வர்றது, பால் குடிக்காம இருக்கறது, மலத்துல ரத்தம்: இதுக்கெல்லாம் 108தான்.

---

நம்பியூர்_அம்மிணி
திங்கள், மாலை 5.15

காலையிலயே கோபிக்குப் போய் ரத்தம் குடுத்தாச்சுங்க. டோட்டல் 6.4, டைரக்ட் 0.4. தைராய்டு நாளைக்கு வரும். மலம் கடுகு மஞ்சள்தான், படம் காட்டினேன். தாய்ப்பால் காமாலையாத்தான் இருக்கும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு சொன்னாங்க. இடுப்பு ஸ்கேன் வியாழக்கிழமை. எடை துணியோட 3.95ன்னு எழுதுனாங்க. நல்ல எடையா? இன்னோண்ணு, கால் வளையாம நேரா இருக்கணும்னு அம்முச்சி ரெண்டு காலையும் சேர்த்து நீட்டித் துணி சுத்தறாங்க, அது இடுப்புக்கு ஆகுமா?

---

பிள்ளைப்பிணி_ஈரோடு
திங்கள், இரவு 9.05

டைரக்ட் 0.4 நல்ல செய்தி. தாய்ப்பாலை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். 'ரெண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மலம் எப்போதாவது வெளிறினால் ரெண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

எடை: ஆறாம் நாள் 2.68, இன்று 43 ஆம் நாள். நடுவில் 37 நாள். இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும், அதாவது 3.42 முதல் 3.79 வரை எதிர்பார்க்கலாம். 3.95 அதற்கும் மேலே இருக்கிறது, ஆனால் துணியோடு எடுத்தது. நனைந்த டயப்பர் ஒன்றே 100, 150 கிராம் வரும், அதோடு சட்டை, குல்லா, சுற்றிய துண்டு. உண்மை எடை 3.7 பக்கம் இருக்கலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. புதன்கிழமை பிஹெச்சியில் வெற்றுடம்பாக எடுத்து அந்த எண்ணை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதமும் அதே தராசில் எடுங்கள். தொங்கும் தராசு என்றால் காலிப் பையோடு முள் சுழியில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்று துணியோடு, அடுத்த மாதம் துணி இல்லாமல் என்று எடுத்தால், நன்றாக ஏறிய குழந்தையும் ஏறாத மாதிரி தெரியும். அங்கேதான் தேவையில்லாமல் பால்பவுடர் டப்பா வீட்டுக்குள் வருகிறது.

கால் சுற்றுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தையின் கால் இந்த வயதில் தவளை மாதிரி மடங்கி அகன்றிருப்பதுதான் இயல்பு, அந்த நிலையில்தான் மூட்டு கிண்ணத்தில் ஆழமாக உட்காரும். நீட்டிச் சேர்த்துக் கட்டினால் கிண்ணத்திலிருந்து வெளியே தள்ளும். கட்டாததால் கால் வளையாது. குளிருக்குச் சுற்றியே ஆகவேண்டும் என்றால் மார்பு வரை சுற்றி, இடுப்புக்குக் கீழே தளர்த்தி விடுங்கள், உள்ளே கால் உதைக்க இடம் இருக்கட்டும். இடுப்பில் வைத்துத் தூக்கும் நம்ம ஊர்ப் பழக்கம், கழுத்து நின்ற பிறகு, இடுப்புக்கு நல்லதுதான். அம்முச்சியிடம் அதைச் சொல்லுங்கள், துணியை விட்டுவிடுவார்.

---

புதன்கிழமை_சிஸ்டர்
திங்கள், இரவு 9.30

அப்பொ புதன்கிழமை ஊசிக்கு வாங்க, இந்தக் காமாலை ஊசிக்குத் தடை இல்லீங். ரத்த ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டு வாங்க. முன்பக்கம் பட்டன் வெச்ச பருத்திச் சட்டை போட்டுட்டு வந்தா தொடையும் கையும் சட்டுனு எடுக்கலாம். மேல இருந்து கழட்டற உடுப்பு வேண்டாம். ரோட்டா குடுத்த ஒரு வாரம் டயப்பர் மாத்துன ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.

அடுத்தது 10 ஆம் வாரம்: பென்டா, போலியோ சொட்டு, ரோட்டா. ஒரே ஊசிதான். 14 ஆம் வாரம் மறுபடியும் இப்ப மாதிரியே மூணு ஊசி. தேதி போடும்போது 'ஒரு மாசம்'னு போடாதீங்க, இந்தப் புதனை விட்டுட்டு எண்ணி நாலாவது புதன், 28 நாள். அதுக்கு முன்னாடி போட்டா அந்த டோஸ் கணக்குல வராது. பிந்துனா பரவாயில்லை, விட்ட எடத்துல இருந்து தொடரலாம், மொதல்ல இருந்து தொடங்க வேண்டியதில்லை. மூணாம் மாசம் திருப்பூருக்குப் போயிருவீங்கன்னா அங்க பக்கத்துல இருக்கிற நகர்ப்புற சுகாதார நிலையத்துல இதே அட்டையக் காட்டுங்க, போட்டுருவாங்க. அட்டைய லேமினேட் மட்டும் பண்ணிராதீங்க, பொறவு அதுல பேனா எழுதாது.